அச்சகத்தில் நீட்டிய சிவப்புப் பேனா

தாரணி என் தம்பி மகள். தம்பி போனபின் அவளுக்கு நல்லது கெட்டது பார்ப்பவன் நான். அவளுக்குப் பேசி முடித்திருக்கும் சிங்கப்பூர் தெம்பனிஸ் வட்டாரத்துப் பையன் ரஞ்சன் எனக்கு ஆங்கிலத்தில் அனுப்பும் வாட்ஸ்அப் செய்திகளை நான் நம்பவில்லை.

வக்கீல் அலுவலகத்தில் ஆவணங்களைத் திருத்தியே ஓய்வு பெற்றவன் நான். சொல்லைச் சொல்லோடு சேர்க்கச் சின்ன ஹைஃபன். பேச்சை நிறுத்தித் திரும்ப நீண்ட டேஷ். இரண்டையும் குழப்பாமல் போடுகிறவர்கள் குறைவு. ரஞ்சன் ஒருமுறைகூடத் தவறியதில்லை. ஆனால் தாரணிக்கு அவன் அனுப்புவதில் முற்றுப்புள்ளிகூட இருக்காது. அவளே காட்டிச் சிரித்திருக்கிறாள். எனக்கு ஒருவன், அவளுக்கு ஒருவனா? கல்யாணப் பத்திரிகை ஊருக்குப் போய்விட்டால் பிறகு விசாரிக்க முடியாது. தகப்பனில்லாத பெண்ணை விசாரிக்காமல் தள்ளிவிட்டார்கள் என்ற பேர் எங்கள் குடும்பத்துக்கு வேண்டாம்.

இரு வீட்டாரும் மாதிரியைப் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் பத்திரிகை அச்சுக்குப் போகும். சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் இருக்கும் அச்சகத்தில் கூடினோம். ஆங்கிலப் பக்கத்தில் முகூர்த்தம் தொடங்கும் நேரத்துக்கும் முடியும் நேரத்துக்கும் நடுவே டேஷுக்குப் பதில் ஹைஃபன் இருந்தது. 'பிரதர் இன் லா'வில் ஹைஃபனே இல்லை. பார்த்தும் விட்டுவைத்தேன். சிவப்புப் பேனாவை ரஞ்சனிடம் நீட்டினேன்.

"திருத்துங்க மாப்பிள்ளை."

மேலும் கீழும் பார்த்தான். "ஓகே லா பெரியப்பா. நல்லாத்தான் இருக்கு."

பக்கத்தில் அவன் அம்மா கண்மணி, தோ பாயோ பள்ளியொன்றில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவர், நாற்காலியில் நெளிந்தார். பொறுக்கவில்லை. பேனாவைப் பிடுங்கி இரண்டு இடத்திலும் கோடு போட்டார். போட்ட பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார்.

"எனக்கு வந்ததெல்லாம் நீங்க எழுதினதாம்மா?"

"இவன் எழுதுற இங்கிலீஷைப் பார்த்தா நீங்க பொண்ணு கொடுப்பீங்களாண்ணே?"

"நான் வேணாம்னுதான் சொன்னேன் பெரியப்பா. அம்மா கேக்கல."

"தாரணிக்குத் தெரியுமா?"

"தெரியாது. அவளுக்கு நானேதான் எழுதுறேன்."

"எனக்கும் இப்பவே எழுதுங்க. அம்மா போனைத் தொடக்கூடாது."

வியர்த்தபடி தட்டினான். என் போன் அதிர்ந்தது. உங்களைப் பார்த்துப் பயம் அதனால்தான் அம்மா எழுதினார்கள் தாரணியிடம் நானே சொல்லிவிடுகிறேன் என்று ஆங்கிலத்தில் ஒரே மூச்சாக ஓடியது. கோடு இல்லை, புள்ளி இல்லை.

"அச்சடிங்க," என்று அச்சகக்கார ஃபஹத்திடம் மாதிரியில் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். ரஞ்சன் எழுதி முடிக்கும்வரை கண்மணியின் இரண்டு கைகளும் மேசைமேல்தான் இருந்தன, அதையும் கவனித்துக்கொண்டேன்.