கவுன் விலை

புதுவயல் ரைஸ் மில் அலுவலகத்தில் பாண்டீஸ்வரி பில் போட்டுக்கொண்டிருந்தபோது மாரீஸ்வரியின் போன் வந்தது. மாரீஸ்வரி அவளுக்குச் சின்னம்மா மகள். கொத்தமங்கலத்தில் வீட்டிலேயே சிறுபிள்ளைகளுக்குக் கவுன் தைத்து, ஒரு பெரிய கம்பெனியின் இணையதளத்தில் கடை போட்டு விற்கிறாள். எப்போது பேசினாலும் "அக்கா, சாப்பிட்டியா" என்றுதான் தொடங்குவாள். இன்று, "நீங்க எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றாள்.

பாண்டீஸ்வரிக்கு முதலில் உறைத்தது அந்த 'நீங்க'தான்.

"என்னடி கேக்கணும்?"

"வெல கொறஞ்சிருச்சு, மிச்சத்தைத் திருப்பிக் குடு, இல்லைன்னா புகார் பண்ணுவேன்னு இங்கிலீசுல எழுதியிருக்கீகல்ல. நான் பாக்கறதுக்குள்ள கம்பெனிக்குப் புகாரும் போயிருச்சு. ஏற்கெனவே ஒரு புகார் இருந்துச்சு. இப்பக் கடையையே முடக்கிட்டாக."

போன் நின்றுவிட்டது. வெளியே லாரியில் தவிட்டு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

அவள் எதுவும் எழுதவில்லை. ஆனால் எழுதியது தன் போனில் இருக்கும் ஆப்தான் என்று தெரிந்துவிட்டது. பக்கத்து மேசை வெங்கட்ராமன் போட்டுக் கொடுத்தது அது. "மெயிலைத் திறந்து விட்டாப் போதும்க்கா. நீங்க வாங்குனதுக்கெல்லாம் வெல கொறையுதான்னு பாத்து, அதுவே சண்டை போட்டு மிச்சப் பணத்தை வாங்கித் தந்துரும்" என்றான். மிக்சிக்கு வாங்கித் தந்தது. செருப்புக்கும் வாங்கித் தந்தது. தனக்காகப் பேச ஓர் ஆள் கிடைத்ததுபோல் அவளுக்கு அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது. யாரிடமும் எதையும் திருப்பிக் கேட்டுப் பழக்கமில்லாதவள் அவள்.

நாத்தனார் மகளின் காதுகுத்துக்குக் கவுன்களை, தங்கச்சிக்கு வியாபாரமாகட்டும் என்றே அவளுடைய இணையக் கடையில் போட்டிருந்த விலைக்கு வாங்கினாள். போன வாரம் அதற்கும் பணம் வந்தது. கடைப் பெயரைப் பார்க்கவும் செய்தாள். மாரியிடம் கேட்போமா என்று ஒரு கணம் தோன்றியது. பெரிய கம்பெனிதானே கொடுக்கிறது என்று இருந்துவிட்டாள்.

அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள். வழியெல்லாம் அந்த ஆப்பைத் துழாவினாள். அனுப்பியதைத் திரும்பப் பெற அதில் இடமே இல்லை. இதுவரை எவ்வளவு மிச்சம் பிடித்திருக்கிறாள் என்று பச்சை எழுத்தில் பாராட்டியது.

கொத்தமங்கலத்தில் மாரீஸ்வரி வீட்டு வாசலிலேயே தராசு தொங்கிக்கொண்டிருந்தது. காரைக்குடியிலிருந்து வந்த துணி வியாபாரி கோட்டைச்சாமி, இனி விற்க வழியில்லாத கவுன்களைக் கட்டுக்கட்டாக எடுத்து எடை போட்டுக்கொண்டிருந்தார். மாரீஸ்வரியின் கணவன் முத்துக்கண்ணன் முகத்தைப் பார்க்காமல் "வாங்க மதினி" என்றான். உள்ளே மாரீஸ்வரி தரையில் உட்கார்ந்து குவியலிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் அனுப்பல மாரி. ஆப்பு அதுவா அனுப்பிருச்சு."

"பணம் வந்துச்சுல்ல?"

"வந்துச்சு."

"யாரு கடைன்னு தெரிஞ்சுச்சா?"

"கம்பெனி குடுக்குதுன்னு நெனச்சேன்."

"கம்பெனி எங்கிட்டிருந்து குடுக்கும்? என் கணக்குலருந்துதான் எடுத்துக் குடுக்கும். மெஷின் தவணை கட்ட வழியில்லாமத்தான் ரெண்டு நாளைக்கு வெலையைக் கொறச்சேன். அதைத்தான் உங்க ஆப்பு பாத்துருக்கு."

"தெரியாமப் போன புகார்னு நானே எழுதித் தாரேன்."

"நானும் எழுதுனேன். எத்தனை தடவை எழுதுனாலும் ஒரே பதில்தான் வருது. அங்குட்டு மனுசரு யாரும் இல்ல போல."

பாண்டீஸ்வரி கைப்பையைத் திறந்து பணத்தை எடுத்தாள். மாரீஸ்வரி தலையசைத்தாள். "அதை உள்ள வைங்க. கடை வச்சா சொந்தமே நம்மகிட்ட சும்மா வாங்கப் பாக்கும்னு இவரு சொன்னப்ப, எங்க அக்கா கேட்ட வெல குடுத்து வாங்குதுன்னு சொன்னேன். அதான் எனக்கு..."

வாசலிலிருந்து கோட்டைச்சாமி எட்டிப் பார்த்தார். "எடைக்குத்தானம்மா எடுக்குறேன். மடிக்கணும்னு இல்ல, அப்படியே அள்ளிப் போடுங்க."

மாரீஸ்வரி காதில் வாங்கவில்லை. கைகளை உள்ளே வைத்து, லேஸ் நசுங்காமல், மார்பில் தைத்த பூ மேலே தெரியும்படி மடித்தாள். பாண்டீஸ்வரி எதிரில் உட்கார்ந்து ஒரு மஞ்சள் கவுனை எடுத்தாள். அவள் செய்வதைப் பார்த்துப் பார்த்து அதேபோல் மடித்து அடுக்கின் மேல் வைத்தாள்.

மாரீஸ்வரி அந்த மஞ்சள் கவுனை எடுத்தாள். ஒருமுறை உதறி விரித்தாள். மடியில் போட்டு, முதலிலிருந்து மடிக்கத் தொடங்கினாள்.