தங்கவேலுவின் இடது கண்

கப்பலேறும் நாளிலும் தங்கவேலுவின் இடது கண் ஒழுகிக்கொண்டுதான் இருந்தது. பிறந்ததிலிருந்தே அப்படி. தலைமன்னார் துறையில் மூக்கன் தன் துண்டால் மகனின் கன்னத்தைத் துடைத்துவிட்டு, "அங்கன நல்ல டாக்டராப் பாத்துக் காட்டு புள்ள. நான் அடுத்த கப்பல்ல வந்துர்றேன்" என்றான். பாஸ்போர்ட்டில் அவன் பெயர் பிழையாக விழுந்திருந்தது. திருத்தி வரும்வரை அவன் தோட்டத்திலேயே இருக்க வேண்டும். மனைவி மருதாயி இலங்கையை விட்டுப் போகக் கொடுத்திருந்த கெடுவோ முடியப்போகிறது. கைப்பிள்ளையோடு அவள் தனியாகத்தான் வந்து சேர்ந்தாள்.

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலையும், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் ஓர் அறையும் கிடைத்தன. காலையில் பிள்ளையின் இமைகள் பீளையால் ஒட்டிக்கிடக்கும். வெந்நீரில் துணி நனைத்துத் துடைத்த பிறகுதான் கண் திறக்கும். "அப்பனத் தேடி அழுவுது" என்றார்கள் லயத்துப் பெண்கள். பிறந்ததிலிருந்தே ஒழுகுவது என்று தெரிந்தும், கேட்டுக் கேட்டு மருதாயியும் அதை நம்பத் தொடங்கியிருந்தாள்.

குன்னூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் பியாட்ரிஸ், பிள்ளையின் மூக்கோரத்தை விரலால் அழுத்தினார். கண்ணோரத்தில் சீழ் எட்டிப் பார்த்தது.

"இது அழுகை இல்லீங்க. கண்ணீர் மூக்குக்குள்ள இறங்கறதுக்கு ஒரு சின்னக் குழாய் இருக்கு. இவனுக்கு அதோட அடிவாய் திறக்கவே இல்லை."

"கண்ணக் கிழிப்பீகளாம்மா?"

"கிழிக்கறதும் இல்லை, தைக்கறதும் இல்லை. மயக்கம் குடுத்து, இமையோரத் துவாரத்துல மெல்லிசுக் கம்பிய விட்டு அடைப்பைத் திறந்துருவேன். சாயங்காலம் ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரலாங்க."

பிள்ளையை உள்ளே கொடுத்துவிட்டு மருதாயி வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூக்கன் பக்கத்தில் இருந்திருந்தால் எதையாவது சொல்லிச் சிரிக்க வைத்திருப்பான். வெகுநேரம் போனதுபோல் இருந்தது. பிறகு நர்ஸ், வீறிட்டு அழும் பிள்ளையைக் கொண்டுவந்து மடியில் போட்டாள். மூக்கில் ஒரு பொட்டு ரத்தம், அவ்வளவுதான்.

சில நாளில் கண் தெளிந்துவிட்டது. விடிந்ததும் தானாகவே விழித்து, இரண்டு கண்ணாலும் அவளைப் பார்த்தான் தங்கவேலு. இதை மூக்கன் பார்க்க வேண்டுமே என்று அவள் மனசு அடித்துக்கொண்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆண்டி வந்தான். அக்கரையில் பக்கத்து வீட்டுக்காரன், அடுத்த கப்பலில் வந்தவன். உள்ளே வராமல் வாசலிலேயே குந்தினான்.

"தோட்டத்துல அரிசி, மாவு ஒண்ணும் இல்ல தங்கச்சி. காட்டுக் கிழங்கத் தோண்டித் தின்னுதான் ஆளுக கிடந்தாக. வயித்தால போயி… மச்சான் ரெண்டே நாள்ல…"

மருதாயிக்கு முதலில் அழுகையே வரவில்லை. "புள்ளைக்குக் கண்ணு சரியாப் போச்சுண்ணே" என்றாள். "அது தெரியாமயே போயிட்டாகளே!" சொன்ன பிறகுதான் உடைந்தாள். அவள் ஓயும்வரை ஆண்டி பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் கணக்குப்பிள்ளையிடம் லீவு கேட்டாள். கொடுத்தார். கடலுக்கு அந்தப்பக்கம் புதைந்து கிடப்பவனுக்கு இங்கே எந்த இடத்தில் காரியம் செய்வது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.