ஒருசந்தியும் காலை மாத்திரையும்

சுடாத பீங்கான் ஃபியூஸ் கட்டையை, பளபளப்புக் கொடுக்கும் கிளேஸ் கரைசல் தொட்டியில் முக்கி எடுப்பது பார்க்கச் சுலபமாக இருக்கும். காய்ந்த மண் தொட்டதுமே தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு, அதில் கலந்திருக்கும் பொடியைத் தன்மேல் தோலாகப் படியவிடும். ஒரு கணம் கூட நின்றாலும் தோல் தடித்துவிடும். சூளையில் அது உருகி வழிந்து, கட்டையைப் பலகையோடு ஒட்டவைத்துவிடும். அதனால் இந்த வேலைக்கு நடுங்காத கை வேண்டும். விருத்தாசலத்து செராமிக் கம்பெனி ஒன்றில் அடைக்கலமேரியை அந்தக் கைக்காகத்தான் வைத்திருந்தார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை காலை அவள் கை நடுங்கியது.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கியதிலிருந்து அவள் ஒருசந்தி இருந்தாள். பகலில் ஒன்றும் சாப்பிடாமல், பொழுதுசாய ஒரே வேளை சாப்பாடு. ஞாயிறு மட்டும் விலக்கு. திருச்சபை இதைக் கேட்பது சாம்பல் புதனுக்கும் பெரிய வெள்ளிக்கும்தான். நோயாளிகளுக்கு அதுவும் இல்லை என்று சாமியார் பூசையிலேயே சொல்லியிருந்தார். மேரி சர்க்கரைக்குக் காலையும் ராத்திரியும் மாத்திரை போடுகிறவள். ஆனால் தினமும் வேலைக்குப் போகிற ஒருத்தி தன்னை எப்படி நோயாளி என்று நினைப்பாள்?

அவள் கணவன் சவரிமுத்து லோடு ஆட்டோ ஓட்டினான். வருஷா வருஷம் தவக்காலம் முழுக்கக் குடிக்கமாட்டான். ஈஸ்டர் மத்தியானமே விட்ட இடத்தில் தொடங்குவான். இந்த வருஷம் சாம்பல் புதன் பூசை முடிந்து நெற்றியில் சாம்பலோடு திரும்பி வரும்போது அவனே பேச்சை எடுத்தான்.

"நீ தவக்காலம் முச்சூடும் ஒருசந்தி இரு. முறிக்காம இருந்தீன்னா ஈஸ்டருக்கு அப்புறமும் நான் தொடமாட்டேன். நீ முறிச்சீன்னா அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது."

அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். அவள் சிரிக்காமல் ஒப்புக்கொண்டாள்.

காலைச் சாப்பாட்டை விட்டவள் காலை மாத்திரையை விடவில்லை. மாத்திரை சாப்பாடு இல்லையே, அதனால் ஒருசந்தி முறியாது என்று நினைத்தாள். தப்பு அங்கேதான். வயிற்றில் சோறு இருக்கிறதா இல்லையா என்று அந்த மாத்திரை பார்ப்பதில்லை. இரத்தத்தில் இருக்கிற சர்க்கரையை இறக்கிக்கொண்டே போகும். முதலில் வியர்க்கும், பிறகு நடுங்கும், பிறகு கண் இருட்டும். முன்பே சில நாட்கள் படபடப்பு வந்திருந்தது. அதையும் தவமென்றெண்ணி ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்திருந்தாள்.

கட்டை நழுவித் தொட்டிக்குள் விழுந்தது. எடுக்கக் குனிந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்த வேல்விழி ஓடிவந்தாள். தன் டீயில் இன்னும் சர்க்கரையைக் கொட்டிக் கலக்கி அவள் வாயருகே கொண்டுபோனாள்.

"வேணாம்டி. ஒருசந்தி."

"எங்க அப்பாவுக்கும் இப்படித்தான் வந்துது. குடிச்சிடுக்கா."

"நான் முறிச்சா அவரு திரும்பக் குடிக்க ஆரம்பிச்சிடுவாரு."

"நல்லா இருக்குது ஞாயம். நீ செத்துட்டா மட்டும் குடிக்கமாட்டாரா?"

மேரி குடித்தாள். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் அடங்கியது, மனசுதான் அடங்கவில்லை.

"வூட்டுல சொல்லாதக்கா. யாருக்குத் தெரியப் போவுது?" என்றாள் வேல்விழி.

சாயங்காலம் வரை மேரி அதையே யோசித்தாள். நாளைக்கும் மாத்திரை இருக்கிறது. சாப்பிடாமல் போட்டால் இதேதான் நடக்கும். விட்டுவிட்டால் சர்க்கரை ஏறும். சாப்பிட்டுவிட்டு மறைத்தால் தினம் ஒரு பொய். அது என்ன ஒருசந்தி?

சேத்தியாத்தோப்பில் சரக்கு இறக்கிவிட்டு வந்து சவரிமுத்து முகம் கழுவிக்கொண்டிருந்தான். அவள் நடந்ததைச் சொன்னாள். அவன் துண்டால் முகத்தை வெகுநேரம் துடைத்தான்.

"இப்ப எப்படி இருக்குது?"

"பரவால்லிங்க."

"அப்ப முறிஞ்சிபோச்சி."

குரலில் கோபமில்லை. நிம்மதி போல ஏதோ ஒன்று இருந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

"முறிஞ்சிதான் போச்சி. நாளைக்கும் சாப்பிட்டுத்தான் மாத்திரை போடுவேன். என் ஒருசந்தியக் காட்டி நீங்க நிறுத்தவும் வேணாம், குடிக்கவும் வேணாம். இனிமே அது உங்க பாடு."

அவன் சட்டையை மாட்டினான். "செத்த வெளிய போயிட்டு வரேன்."

எங்கே என்று கேட்க வாயெடுத்தாள். கேட்கவில்லை. வண்டிச் சத்தம் தெருமுனையில் திரும்பித் தேய்ந்தது. மேரி தட்டில் சோறு போட்டு, ரசம் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள். ராத்திரி மாத்திரை இன்னும் பாக்கி இருந்தது. தண்ணீரைக் குடித்துக் குடித்து, தட்டில் இருந்ததை மிச்சமில்லாமல் சாப்பிட்டாள்.