பேட்டரித் தண்ணீர்

தண்ணீர் கட் என்றால் மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கே வாளியைத் தேடி ஓடும். பெர்னிஸோ ஷா ஆலம் கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெள்ளி குளோரைடு தண்ணீரில் எவ்வளவு கரையும் என்பதை, மின்கலத்தின் வோல்ட்டை அளந்து கணக்கிட வேண்டும். நன்றாகச் செய்பவருக்கு டாக்டர் ரமணியின் ஆராய்ச்சிக் குழுவில் இடம், அதுவும் ஒரே ஓர் இடம். பெர்னிஸுக்கு வந்த விடையோ புத்தகத்தில் உள்ளதைப்போல் இரண்டு மடங்கு!

வோல்ட்டைக் கொஞ்சம் கூட்டி எழுதினால் எல்லாம் சரியாகிவிடும். யார் பார்க்கப்போகிறார்கள்? ஆனால் பாழாய்ப்போன மனசாட்சி விட்டால்தானே.

அதே இடத்துக்குப் போட்டியிடும் பக்கத்து மேசைத் திமோத்தி தயங்கித் தயங்கி வந்தான்.

"திட்டாத லா. நேத்து உன் டிஸ்டில்ட் வாட்டர் பாட்டில் காலியா இருந்துச்சு. தண்ணி கட்டாச்சேன்னு வாளியிலேருந்து ஊத்தி வச்சேன். கழுவத்தானேன்னு நெனச்சேன்."

"ஐயோ, அந்தத் தண்ணியிலதான்டா சில்வர் நைட்ரேட் கரைச்சேன்!"

வாளியில் பிடித்து வைத்திருந்தது குழாய்த் தண்ணீர்; அதில் குளோரைடு உண்டு. கரைசலில் இருந்த வெள்ளியில் ஒரு பங்கை அது பிடித்து அடியில் தள்ளிவிட்டது. கரைசல் இருந்த பழுப்புப் பாட்டிலைச் சாய்த்துப் பார்த்தாள். அடியில் வெள்ளையாய்ப் படிந்திருந்தது.

தண்ணீர் கட்டில் ஆய்வுக்கூடத்தின் வடிநீர் இயந்திரமும் ஓடவில்லை. இனி சுத்தமான நீருக்கு எங்கே போவது? திமோத்தி தன் சோதனையைப் பாதியில் போட்டுவிட்டுக் காரில் பறந்தான். ஒர்க்‌ஷாப்பில் கார் பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரை வாங்கி வந்தான். அதில் ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டுப் பார்த்தாள். கலங்கவில்லை; குளோரைடு இல்லை. புதிதாகக் கரைத்து, வெள்ளிக் கம்பிகளை இறக்கி, மீட்டரை மாட்டினாள். இந்த முறை விடை புத்தகத்து எண்ணுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

திமோத்தி வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் இடம் அவனுக்கே போயிருக்கும். அதை நினைத்ததும் அவளுக்குக் கண் கலங்கியது. இப்படி ஒருவன் பக்கத்து மேசையில் வாய்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

மதியம் ரமணி வந்தார். பெர்னிஸின் விடையைப் பார்த்துத் தலையசைத்தார்.

"திமோத்தி, உன் ரீடிங்?"

"இன்னும் எடுக்கல, மேடம்."

"எனக்காக அலைஞ்சான், மேடம்," என்று பெர்னிஸ் நடந்ததையெல்லாம் கொட்டிவிட்டாள். "அவனுக்கும் டைம் குடுங்க, ப்ளீஸ்."

"அவன் விடை உன்னோடதவிட நல்லா வந்தா? இருக்கிறது ஒரே இடம்."

"தெரியும், மேடம்."

ரமணி அவளையே பார்த்தார். "சாயங்காலம் வரைக்கும் இருப்பேன்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

பெர்னிஸ் மிச்சத் தண்ணீரைத் திமோத்தியின் மேசைக்கு எடுத்துப் போய், அவனுடைய பீக்கர்களைக் கழுவ ஆரம்பித்தாள்.