ஏறுமட்டக் கல்

சுத்தியக்கா படகின் அடியில் மல்லாந்து படுத்து, பலகைகளுக்கு நடுவிலிருந்த இடுக்கில் எண்ணெயில் ஊறிய பஞ்சுத்திரியை உளியால் செருகிக்கொண்டிருந்தாள். மரச்சுத்தியலால் நாலு தட்டு, கொஞ்சம் நகர்தல், மறுபடி நாலு தட்டு. முப்பது வருஷமாக அவள் அடைத்த இடுக்கில் ஒரு சொட்டுத் தண்ணீர் நுழைந்ததில்லை. அதை அவளே சொல்லிக்கொள்வாள். அடுத்தவர் சொல்லட்டும் என்று காத்திருக்கிற வழக்கம் அவளுக்குக் கிடையாது.

கொட்டகைத் தூணில் இடிக்கிற வரிசை எண்ணாகச் சிவப்பு மையால் 17 என்று எழுதி மூன்று நாளாகிறது. கடலோரத் தடைப் பகுதிக்குள் இருப்பதால் பதினைந்து நாளில் கொட்டகையை அகற்ற வேண்டும் என்று அதற்குக் கீழே ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஈரப் பலகையில் பஞ்சு பிடிக்காது. கூரை போனால் தொழிலும் போயிற்று.

"அண்ணி, சர்வேயர் வந்துட்டார்" என்றான் கொழுந்தன். அவன் அதே கொட்டகையில் தச்சன்.

மூன்று நாளும் அலுவலக வாசலில் நின்று அவள் கொடுத்த தொல்லை தாங்காமல்தான் சர்வேயர் வந்திருந்தார். கவிழ்த்துப் போட்டிருந்த இன்னொரு படகின்மேல் கண்ணாடி போன்ற மூன்று தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்தார். கொழுந்தன் நாலு மூலையிலும் நாலு உளியை வைத்தான்.

"அடியில இருக்கிறது சட்டம்மா. கடல் ஏறி நிக்கிற கோட்டிலேருந்து அம்பது மீட்டருக்கு எதுவும் கட்டக் கூடாது. இது மாவட்டத் திட்டம், அந்தக் கோடு எங்க போகுதுன்னு சொல்லுது. மேல இருக்கிறது ஊர்த் திட்டம், யாரோட இடம் எந்தப் பக்கம்னு சொல்லுது. மூணையும் சேத்துப் பாத்தா உங்க கொட்டகை உள்ள விழுது. நான் என்ன செய்யட்டும்?"

"சட்டம் நல்ல சட்டம்தான் சார். கடல் ஏறுற இடத்துல கட்டினா கடல் சும்மா விடுமா? கோடுதான் தப்பு. எதை வச்சுப் போட்டீங்க?"

"கடல் எதுவரைக்கும் ஏறும்னு அந்தக் காலத்துல நட்ட ஏறுமட்டக் கல்லை வச்சு." கொட்டகை வாசலில் கயிறு அறுத்த தழும்புகளோடு நின்ற கல்லை அவர் காட்டினார்.

"அதை இங்க உருட்டிக்கிட்டு வந்ததே நான்தான் சார்."

கொழுந்தன் தலையில் அடித்துக்கொண்டான். "யானை தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்ட கதையா இருக்கு! பேசாம இருங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே அண்ணி."

"செஞ்சதைச் செஞ்சேன்னு சொல்ல என்னடா பயம்?"

அந்தக் கல்லை உருட்டிய காலத்தில் அவள் புருஷன் உயிரோடு இருந்தான். படகுகளைக் கரையேற்ற, கயிறு கட்டி இழுக்க அசையாத ஒரு கல் வேண்டியிருந்தது. கீழே மணலில் எழுத்துத் தேய்ந்த ஒரு கல் தேமே என்று நின்றது. இரண்டு பேருமாக அதை உருளைக் கட்டையில் ஏற்றி மேலே கொண்டுவந்து நட்டுவிட்டார்கள். படகு இழுக்கிற எவரும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

"இதுக்கு என்னம்மா ஆதாரம்?"

"கடல்தான். இன்னைக்குப் பௌர்ணமி. பதினொண்ணரைக்கு வருஷத்திலேயே பெரிய ஏத்தம். உக்காருங்க, டீ வரும்."

சரிவில் இறங்கிப் போய்த் தன் பழைய மரச்சுத்தியலை மணலில் நட்டாள். "இதைத் தாண்டாது" என்று அங்கிருந்தே கத்தினாள்.

சர்வேயர் இரண்டு டீ குடித்தார். பதினொன்று நாற்பதுக்கு ஒரு அலை சுத்தியலின் பிடியை நனைத்துவிட்டுத் திரும்பியது. அதற்கப்புறம் வந்த எதுவும் அந்த இடத்தை எட்டவில்லை. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, கொழுந்தனை நாடாவின் மறுமுனையைப் பிடிக்கச் சொல்லி அளந்தார். சுத்தியலிலிருந்து கல்வரை அறுபத்திரண்டு மீட்டர்.

"நீங்க சொன்னது சரிதாம்மா. கொட்டகை அம்பது மீட்டருக்கு வெளியிலதான் இருக்கு."

கொழுந்தன் மண்ணெண்ணெய்த் துணியோடு தூணருகே ஓடினான், சிவப்பு நம்பரை அழிக்க.

"இரு தம்பி. கல் தப்புன்னு நான் எழுதலாம், கோட்டை மாத்த முடியாது. ஊர்த் தாள் மாவட்டத் தாளுக்கு அடங்கினது. மாவட்டத் தாள் போன வருஷமே மேல போய்க் கையெழுத்தாகி வந்தாச்சு. இனிமே திருத்தம்னா ஒம்பது வருஷம் கழிச்சுத்தான்."

"இடிக்கப் பதினஞ்சு நாள், திருத்த ஒம்பது வருஷமா?" என்ற சுத்தியக்கா, கீழே வெள்ளை மதில் போட்டிருந்த ஓட்டலைக் கை காட்டினாள். "அது எங்களை விடக் கடலுக்குக் கிட்ட இருக்கே சார். அதுல ஒரு நம்பரையும் காணோமே?"

"திட்டம் போடறப்பவே இருந்த கட்டடத்துக்கு விலக்கு உண்டும்மா."

"ஓட்டல் வந்து ஆறு வருஷம். நாங்க முப்பது வருஷமா இருக்கோம்."

"நீங்க தாள்ல இல்லியே. பலகையும் தகரமும் கட்டடக் கணக்குல வராது. அஸ்திவாரம் வேணும்."

"இருக்கிறதுக்குக் கட்டடம் இல்ல, இடிக்கிறதுக்கு மட்டும் கட்டடமா?"

சர்வேயர் மூலைகளிலிருந்த உளிகளை எடுத்துக் கீழே வைத்தார். அவருக்கு வெட்கமாகத்தான் இருந்தது. தாள்களைச் சுருட்டப் போனவரை அவள் தடுத்தாள்.

"அளந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டுப் போங்க."

அவர் எழுதிக் கொடுத்தார். எண்ணெய்க் கை படாமல் முந்தானையால் பிடித்து வாங்கி, உளிப்பெட்டியின் அடியில் வைத்தாள்.

"இன்னும் பன்னெண்டு நாள் இருக்கு. மேல எத்தனை தாள் இருந்தாலும் ஒவ்வொண்ணாப் போய்க் கேட்டுடறேன். பலகை இடுக்குல கிடக்கிற கசிவையே முப்பது வருஷமா தேடிப் பிடிக்கிறவ நான், இதுல எங்க கசியுதுன்னு கண்டுபிடிக்க மாட்டேனா?"

அவர் போனதும் படகின் அடியில் மறுபடி படுத்தாள். நாலு தட்டு, கொஞ்சம் நகர்தல். கீழே ஓட்டல் கேட்டின் வழியே கடல் உள்ளே போய்ப் புல்தரையில் தேங்கியிருந்தது. சீருடைக் கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு இரண்டு வேலையாட்கள் துடைப்பத்தால் கடலை வெளியே தள்ளிக்கொண்டிருந்தார்கள். கொட்டகைக்குள் காற்று வீசியபோது தரையிலிருந்து காய்ந்த மரத்தூள் எழும்பி, தூணில் 17 என்ற எண்ணின்மேல் போய்ப் படிந்தது.