சாய்த்து வைத்த தண்டுக்கீரை

"நம்ம ஊர் ஸ்கேனையெல்லாம் விட்டுடு ஃபஹ்மிதா. வெளிநாட்டு டேட்டா இலவசமா கிடைக்குது. அதை வச்சு தீஸிஸை முடி."

என் கைடு கவிப்ரியா மேடம் இப்படிச் சொன்னதும் எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது.

"அப்ப துரைக்கண்ணு ஐயாவோட கை, மேடம்?"

அவர் சீர்காழிப் பக்கத்து விவசாயி. பக்கவாதத்தில் இடது கை விழுந்துவிட்டது. நடவு நேரத்திலும் பஸ் ஏறி வந்து, எங்கள் ஆராய்ச்சிக்காக ஸ்கேனர் குழாய்க்குள் அசையாமல் படுத்திருந்தார். அந்தக் கைக்கான நரம்பிழை மூளையில் ஒன்றுகூட மிச்சமில்லை என்று எங்கள் படம் காட்டியது. அதைக் கேட்டு மனசு விட்டுப்போய்ப் பயிற்சியை நிறுத்திவிட்டார். ஆனால் அதே படத்தில், நன்றாக வேலை செய்கிற வலது கைக்கான இழையும்தான் அறுந்திருந்தது. அதை முதலில் யாரும் கவனிக்கவில்லை; நான் கண்டு சொன்னபோதுதான் மேடம் அந்த ஸ்கேன்களையே விட்டுவிடச் சொன்னார்.

ஸ்கேனிலிருந்து இழைகளைக் கோடுகளாக வரைவது ஒரு மென்பொருள். யாரும் இலவசமாக எடுக்கலாம், உள்ளே எழுதியிருப்பதைப் படிக்கலாம், திருத்தமும் அனுப்பலாம். வரி வரியாகப் படித்தேன். எங்களுடையதைப் போன்ற பழைய ஸ்கேனர்களுக்கு மட்டும் வலத்தை இடமாக்கும் ஒரு கழித்தல் குறி உட்கார்ந்திருந்தது. அதை உருவாக்கியவர்களுக்கு எழுதிப் போட்டேன். உங்கள் ஸ்கேனில்தான் கோளாறு என்று பதில் வந்தது. விடுவேனா?

மூளையைத் திறந்து காட்ட முடியாது. கீரைத்தண்டைக் காட்டலாமே! அதில் நார் நீளவாக்கில்தான் ஓடும். யாரும் மறுக்க முடியாது. கீழவாசல் மார்க்கெட்டில் தண்டுக்கீரை வாங்கி, இலையை உருவி, கட்டாகக் கட்டி, தண்ணீர் டப்பாவுக்குள் வலப்பக்கமாகச் சாய்த்து வைத்தேன்.

ஸ்கேன் எடுக்கும் அஸார் அண்ணன் டப்பாவைப் பார்த்தார். "பேஷன்ட் பேரு?"

"கீரைன்னே போடுங்கண்ணே."

படத்தில் தண்டு வலப்பக்கம் சாய்ந்திருந்தது. மென்பொருளின் கோடுகளோ இடப்பக்கம் சாய்ந்து தண்டைவிட்டே வெளியேறின. கழித்தல் குறியை நீக்கினேன். கோடுகள் தண்டோடு ஒட்டி ஓடின. இரண்டு படங்களையும் அவர்களுக்கு அனுப்பினேன்.

இந்த முறை வந்த பதில் வேறு. தவறு தங்களுடையதுதான், திருத்திவிட்டோம் என்றார்கள். இனி யார் இந்த மென்பொருளில் கைவைத்தாலும், முதலில் அது என் கீரையைச் சரியாக வரைந்து காட்ட வேண்டுமாம். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

துரைக்கண்ணு ஐயாவின் ஸ்கேனை மறுபடி ஓட்டினேன். வலது கைக்கான இழை அறுபடாமல் இறங்கியது. இடது கைக்கான பாதையில், அடிபட்ட இடத்தைச் சுற்றிக்கொண்டு, மெல்லிய இழைகள் சில இறங்கின.

மேடமிடம் காட்டினேன். அவர் தன் போனை எடுத்துத் தானே ஐயாவை அழைத்தார்.

"ஐயா, நாங்க சொன்னது தப்புங்க. கைப்பயிற்சிக்கு நாளைக்கே வாங்க."