சாட்டைக்கு வாசித்த பியானோ

இலங்கை மலையகத்தில், பதுளைக் கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த பழைய தேயிலைக் கிட்டங்கியில் லத்தீப் பயஸ்கோப் காட்டத் தொடங்கியது 1925இல். ஊமைப் படத்துக்குப் பியானோ வாசிக்கத் தங்கராஜாவை வைத்திருந்தார். துணிக்கடைக்காரர் மகன் அவன். மிஷன் பள்ளியில் வாசிக்கக் கற்றவன். இந்த வேலைக்கு வந்ததிலிருந்து தகப்பன் அவனோடு பேசுவதில்லை.

அந்த ஞாயிறு மத்தியானப் படத்தில் ஒரு பண்ணைக்காரன் வேலைக்காரியைச் சாட்டையால் அடிப்பான்.

"முன் கதிரையில தொரைமாரு இருப்பாங்க. பின்னுக்குத் தோட்டத்துச் சனம். அந்த எடத்துல பூ மாதிரி வாசிங்க. ஒருத்தரும் எழும்பக் கூடாது" என்றார் லத்தீப்.

தங்கராஜா அப்படியே வாசித்தான். பின் பெஞ்சுகளில் எழுந்த முணுமுணுப்பு அந்த மெல்லிசையில் அடங்கியது. தன் விரல்களை நினைத்து அவனுக்கே பெருமையாக இருந்தது.

வெளியே வந்தவனைக் கொழுந்து பறிக்கும் இராக்கம்மா வழிமறித்தாள்.

"பொட்டி வாசிச்சது நீங்கதானே?"

"ஆமா."

"அங்க ஒருத்தி அடி வாங்குறா. நீங்க தாலாட்டுப் பாடுறீங்க. யாரத் தூங்க வைக்கப் பாத்தீங்க?"

"சங்கீதத்தப் பத்தி ஒனக்கு என்ன தெரியும்?"

"அடியப் பத்தித் தெரியும்." அவன் கால் சப்பாத்தருகே வெற்றிலை எச்சிலைத் துப்பிவிட்டுப் போனாள்.

தோட்டக்காட்டுக்காரி தன்னைக் கேள்வி கேட்பதா என்று இரண்டு நாள் குமைந்தான். புதன்கிழமை அவள் தோட்டத்துக் கங்காணி அழகர் கிட்டங்கிக்கு வந்தார்.

"நல்லா வாசிச்சீங்க தம்பி. படத்தப் பாத்துட்டு எகிறுவானுங்கன்னு நெனச்சேன். திங்கக்கெழம காலையில பெரட்டுல பேர் கூப்பிடுறப்ப ஆட்டு மந்தை மாதிரி வந்து நின்னானுங்க!" என்று அவன் தோளைத் தட்டினார்.

அந்தக் கை பட்ட இடம் தங்கராஜாவுக்குக் கூசியது. இராக்கம்மா துப்பியது கூட அப்படிச் சுடவில்லை.

அடுத்த ஞாயிறும் அதே படம். சாட்டை உயர்ந்தது. தங்கராஜா கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

படமெஷின் கறகறக்கும் சத்தம் மட்டும் கேட்டது. திரையில் சாட்டை விழுந்தது, மறுபடி விழுந்தது.

"வாசிங்க!" லத்தீப் பின்னாலிருந்து சீறினார். அவன் அசையவில்லை.

"அடிக்காதடா, நாயே!" இருட்டிலிருந்து ஒரு குரல் வெடித்தது. பெஞ்சுகள் கவிழ்ந்தன. மண்ணாங்கட்டி ஒன்று திரையில் மோதிச் சிதறியது. துரைமார் எழுந்து வெளியேறினார்கள். லத்தீப் மெஷினை நிறுத்தி, இருட்டுக்காக ஜன்னல்களில் கட்டியிருந்த சாக்குகளைக் கிழித்தெறிந்து, அவனைச் சட்டையோடு பிடித்து வாசலுக்குத் தள்ளினார்.

"இனி இந்தப் பக்கம் வராத! என் பொழப்பையே கெடுத்துட்டியே!"

வெளியே அழகர் தன் ஆட்களைப் பிரம்பால் விரட்டிக்கொண்டிருந்தார். கூட்டத்தில் இராக்கம்மாவைக் கண்டு தங்கராஜா ஓடினான்.

"இன்னைக்கு நான் வாசிக்கலம்மா."

அவள் நிற்கக்கூட இல்லை.

"போன வாரம் வாசிச்சீங்கல்ல."

கிழிந்த காலரைப் பிடித்தபடி தங்கராஜா வீதியில் நின்றான். அவனை இடித்துக்கொண்டு தோட்டத்துச் சனம் போனது. யாரும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.